கூடத்தில் மிதந்த படகு

அலமாரி செய்யும் பட்டறையில் வரைபடம் போடுவது அவருடைய பிழைப்பு. ஆனால் பட்டறையில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவது ‘கேப்டன்’ என்றுதான். கடலில் கால் நனைத்ததோடு சரி! ஓய்வு பெற்றதும் மனைவியோடு கரையோரமாகவே ஊர் ஊராகப் போக ஒரு சின்னப் பாய்மரப் படகு வேண்டும், அதைத் தானே வடிவமைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

காகிதத்தில் வரைந்தால் இடம் புரியாதாம். கூடத்துத் தரையில் முழு அளவில் ஒட்டுநாடாவால் படகை ஒட்டினார். கூரை வரவேண்டிய உயரத்தில் வரிசையாகக் கயிறு கட்டினார். சோபாதான் படுக்கை, ஸ்டூல்தான் அடுப்பு. ஞாயிறு முழுக்க இருவருக்கும் அதற்குள்தான் குடித்தனம். நாடாவைத் தாண்டினால் தண்ணீர்.

ஒருநாள் மனைவியின் தம்பி நேராக உள்ளே நடந்து வந்தார்.

“மச்சான், கடல்ல நிக்கிற!” என்று அலறினார் கேப்டன்.

“அக்கா, மாமாவ டாக்டர்கிட்ட காட்டுனியா?”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல மேல ஏறுடா, கால் நனையுது” என்றாள் அக்கா.

அந்த அளவுக்கு ஒத்துப்போனவள்தான். ஆனால் ஆள் நல்ல உயரம். டீயோடு திரும்பியபோது கயிறு கழுத்தில் மாட்டி, டீ முழுக்கப் புடவையில் கொட்டியது.

“குனிஞ்சுக்கிட்டே சமைக்க என்னால ஆகாது. நிமிந்து நிக்க இடம் இருந்தா வர்றேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

அவள் இல்லாமல் கேப்டன் தெருமுனைக் கடைக்குக்கூட ஒழுங்காகப் போய் வந்ததில்லை. கூரையை உயர்த்தினார். உயர்ந்த கூரையில் காற்றடித்தால் படகு சாயும் என்று அடியில் எடைக்கு ஈயம் கூட்டினார். கனம் கூடியதால் பாய் பெரிதானது. பெரிய பாய் இன்னும் சாய்த்தது. மறுபடி ஈயம்! படகின் மூக்கு படுக்கையறைக்குள் நுழைந்தது. அடிப்பாகமோ கணக்குப்படி தரைக்குக் கீழே இறங்கிவிட்டது. கேப்டன் கீழ்வீட்டு அம்மாவிடம் ஓடினார்.

“எங்க படகோட அடி உங்க சாப்பாட்டு மேஜை வரைக்கும் வருது. அடையாளத்துக்கு ஒரு கயிறு தொங்கவிடலாமா?”

“சாப்பிடும்போது தலையில இடிக்காதே?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாவும் சம்மதித்தார். இப்படியும் ஒரு கட்டடம்!

எப்படிப் போட்டாலும் கணக்கு உதைத்தது. கடைசியில் வெறுத்துப்போய், ஒரே ஒரு ஆளுக்கு வரைந்து பார்த்தார். கூரை தாழ்ந்தது, ஈயம் குறைந்தது, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. நாடாவைப் பிய்த்துப் புதிதாக ஒட்டிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்தார்.

மனைவி வந்து பார்த்தாள். ஒரே படுக்கை, ஒரே தலையணை.

“நான் எங்க படுப்பேன்?”

“நீதான் வர மாட்டியே” என்றார்.

அவள் கத்திரிக்கோலை எடுத்து, அடுப்புக்கு நேர் மேலே இருந்த இரண்டு கயிறுகளை வெட்டினாள். அந்த இடைவெளியில் தலையை வெளியே நீட்டி நிமிர்ந்து நின்றாள்.

“இங்க ஒரு ஓட்டை போடுங்க. போதும்.”

“மழை பெஞ்சா?”

“மூடி போட மாட்டீங்களா? அலமாரிக்காரர்தானே! நீங்க பின்னால உக்காந்து ஓட்டுங்க. உங்களத் திட்டணும்னா எனக்கு உங்க மூஞ்சி தெரியணும்.”

கேப்டன் இரண்டாவது தலையணையை எடுத்துவர எழுந்து ஓடினார். படகுக்கு வாசல் எது என்றுகூடப் பார்க்கவில்லை, நேரே நாடாவைத் தாண்டித் தண்ணீரிலேயே நடந்து போனார்.