எண்பத்தொன்பது என்றாள் வசந்தி

காலை ஏழு மணிக்கு வசந்தி அந்தச் சின்னக் கருவியைக் கணவரின் ஆள்காட்டி விரலில் மாட்டுவாள். கொடியில் துணி பறக்காமலிருக்கப் போடும் கிளிப்பைப் போல அது விரலைக் கவ்விக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில், ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதைச் சிவப்பு எண்களில் காட்டும்.

"எண்பத்தொன்பது," என்பாள் சத்தமாக.

"எண்பத்தொன்பது," என்று மருதமுத்து திருப்பிச் சொல்வார். சொன்ன பிறகுதான் தடித்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்து நோட்டில் எழுதுவார். பதினோரு மணிக்கும், மாலை நாலு மணிக்கும், இரவு படுக்கும் முன்பும் இதேதான்.

அது ரயில் எஞ்சினில் ஊறிப்போன பழக்கம். ஓடும் வண்டியில் ஒருவர் சிக்னலைப் பார்த்து "பச்சை" என்று குரல் கொடுத்தால், பக்கத்தில் நிற்பவர் "பச்சை" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். 1968-ல் இருபத்தொரு வயதில் மதுரையிலிருந்து வங்காளத்துக்கு வந்து, சாந்த்ராகாச்சி லோகோ ஷெட்டில் எஞ்சின் துடைக்கும் வேலையில் சேர்ந்தவர் மருதமுத்து. பிறகு ஃபயர்மேன் ஆகி, ஆண்டுக்கணக்கில் எரியும் அடுப்புக்குக் கரி அள்ளிப் போட்டார். அந்தக் கரித்தூசியும் புகையும், போதாக்குறைக்குத் தினம் ஒரு கட்டு பீடியும் அவர் நெஞ்சுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டன. டிரைவராகி, நீராவி வண்டி போய் டீசல் வந்த பிறகும் அவை காலி செய்யவில்லை. 2003-ல் ரயில்வே டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

பிராவிடண்ட் ஃபண்டு பணத்தில் பெஹாலாவில் தரைத்தளத்தில் இரண்டு அறை வாங்கினார்கள். ஒரே மகன் ராகவ் சிங்கப்பூரில் வேலைக்குப் போனான். வீட்டில் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: வசந்தி, மருதமுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்ற ஆக்சிஜன் சிலிண்டர்.

2006 டிசம்பரில் மூச்சு முட்டி, ஒரு நர்சிங் ஹோமில் பதினோரு நாள் கிடந்தார். தன்னை அறியாமல் முகமூடியைப் பிடுங்கி எறிகிறார் என்று, அவர் இரண்டு கைகளையும் துணிநாடாவால் கட்டிலோடு கட்டிவைத்தார்கள். பார்வையாளர் நேரத்தில் போன வசந்தி அதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்த அன்று அவர் அவளுடைய கையைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"வசந்தி, செத்தாலும் இந்தக் கட்டில்லதான். திரும்ப என்னைய அங்க அனுப்ப மாட்டேன்னு சொல்லு."

"அனுப்ப மாட்டேங்க."

"சத்தியமா சொல்லுடி."

"சத்தியமா."

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது ராகவ்தான் அந்தக் கருவியை வாங்கி வந்தான். மருதமுத்துவுக்கு வைத்தியம் பார்த்துவந்த டாக்டர் கோஷால் அதைப் பார்த்து மகிழ்ந்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றிரண்டு வரை இவருக்குப் போதும். ஓய்வாக இருக்கும்போதே எண்பத்தைந்துக்குக் கீழே போனால், ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் அட்மிட் செய்ய வேண்டும்.

மருதமுத்துவின் கண்ணில் புரை. மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும் என்பதால் அதற்கு அறுவை சிகிச்சை செய்ய முடியவில்லை. கருவியின் சின்ன எண்கள் அவருக்குச் சிவப்புக் கலங்கலாகத்தான் தெரியும். அதனால் பார்த்துச் சொல்வது வசந்தியின் வேலை. டாக்டரின் அறை இரண்டாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. ஆகவே பத்து நாளுக்கு ஒருமுறை நோயாளி போகமாட்டார், நோட்டு போகும். டாக்டர் நோட்டைப் பார்த்து மருந்து எழுதித் தருவார்.

இப்படியே ஒரு வருஷம் உருண்டது. 2008 ஜனவரியின் கடைசி வாரம், பனிமூட்டமும் வண்டிப் புகையும் சேர்ந்து ஜன்னலில் சாம்பல் போலப் படிந்திருந்த ஒரு காலையில், கருவி எண்பத்துநாலு காட்டியது.

வசந்தி கருவியைக் கழற்றி, விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினாள். எண்பத்துநாலு.

"என்ன புள்ள, வாயில கொழுக்கட்டையா? சொல்லு."

அவருடைய கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. அந்தக் கண்களில் இருந்த பயத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பெண்ணால் எண்பத்துநாலு என்று சொல்ல முடியும்?

"எண்பத்தொன்பது," என்றாள் வசந்தி.

"எண்பத்தொன்பது," என்றார் அவர். முகம் தெளிந்தது. "அப்புறம் என்ன? காப்பியக் கொண்டா."

அரை மணி நேரம் கழித்து, அவர் ஏதோ பழைய டிரைவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, வசந்தி விளையாட்டுப் போலக் கருவியை மாட்டிப் பார்த்தாள். எண்பத்தேழு! பயம் விலகியதும் மூச்சு நிதானப்பட்டு, எண்ணும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. தன் பொய் மருந்தாகிவிட்டது என்று நினைத்தாள். பூஜை அலமாரிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். அந்த எண்பத்தேழுதான் அவள் குடியைக் கெடுத்தது.

மறுநாள் எண்பத்துமூன்று. அவள் தொண்ணூறு என்றாள். அதற்கு அடுத்த நாள் எண்பத்தைந்து. எண்பத்தொன்பது என்றாள். எப்போதும் ஒரே எண்ணைச் சொன்னால் சந்தேகம் வருமென்று ஏற்றி இறக்கிச் சொல்லவும் பழகிவிட்டாள். அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லி, ஒவ்வொன்றையும் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை ராகவ் போன் செய்தால், "அப்பாவுக்குத் தொண்ணூறுப்பா, நல்லா இருக்காரு," என்றாள். டாக்டரின் மேஜையிலும் அந்த நோட்டை விரித்து வைத்தாள்.

"பா, தாருண்!" என்றார் கோஷால். பிரமாதம் என்று அர்த்தம். "கால் வீக்கம் இருக்கிறதா?"

கொஞ்சம் இருந்தது. இருந்தது என்றால் அட்மிட் என்பார். "இல்லை டாக்டர் பாபு," என்றாள் வசந்தி. அதே மருந்தைத் தொடரச் சொல்லி அவர் கையெழுத்துப் போட்டார்.

இப்படி இருபத்திரண்டு நாள்.

அந்தப் பிப்ரவரியில் சரஸ்வதி பூஜை முடிந்திருந்தது. "வாய்க்கு ஒண்ணுமே பிடிக்கல. மணத்தக்காளி வத்தக்குழம்பு வச்சா ரெண்டு வாய் சாப்பிடுவேன்," என்றார் மருதமுத்து. பல நாளாக அவர் எதையும் கேட்டதில்லை. கேட்டுவிட்டாரே என்று வசந்திக்கு ஒரே சந்தோஷம். அந்த வத்தலுக்கு லேக் மார்க்கெட்டில் இருக்கும் நம்மவர் கடைக்குத்தான் போக வேண்டும். மாடி வீட்டு மிதாலியைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, நாலு மணிக்குள் திரும்பிவிடுவேன் என்று பஸ் ஏறினாள்.

வத்தல் கிடைத்தது. நல்லெண்ணெயும் வாங்கினாள். திரும்பும்போது, ஆற்றில் கரைக்க மறந்து விட்டுப்போன ஏதோ ஒரு கிளப்பின் களிமண் சரஸ்வதி லாரியில் ஏறி, மேளமும் ஆட்டமுமாக ரோட்டை அடைத்துக்கொண்டு போனாள். பஸ் நகரவில்லை. வசந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு. நாலே கால். இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து வீட்டை அடைந்தபோது ஐந்தாகிவிட்டது.

மிதாலி வாசலிலேயே நின்றாள். அவளுக்குச் சின்ன எண்ணும் தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்பதுதான் தெரியாது. "அண்ணன் நாலு மணி ஆச்சு, பார்த்துச் சொல்லுன்னார். சொன்னேன். ரொம்பக் கம்மியா இருக்கே வசந்தி!" என்று வங்காளியில் கிசுகிசுத்துவிட்டு மேலே போனாள்.

மருதமுத்து கட்டிலில் தலையணைகளைக் கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். மடியில் நோட்டு.

"மாடி வீட்டம்மா சொன்ன ஏகாஷின்னா எண்பத்தொண்ணுதான?"

வசந்தி பையைத் தரையில் வைத்தாள்.

"காலைல ஏழு மணிக்கு நீ சொன்னது தொண்ணூறு."

"விரல் சில்லுன்னு இருந்தா அது தப்பாக் காட்டும்ங்க..."

"வசந்தி."

அந்த ஒரு வார்த்தையில் அவள் உடைந்துபோனாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"இருபத்திரெண்டு நாளா."

அவர் நோட்டின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார்.

"முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு பய எனக்குச் சிக்னலை மாத்திச் சொன்னதில்ல," என்றார், இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு. "கடைசியில பொண்டாட்டிகிட்ட மாட்டிக்கிட்டேன் பாரு." சிரிக்கத்தான் பார்த்தார். இருமல்தான் வந்தது.

வசந்திக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "யாரு சத்தியம் வாங்கினது? என் கையைத் தூக்கித் தலையில வச்சது யாரு? எண்பத்துநாலுன்னு சொன்னா அனுப்பணும். அனுப்பினா சத்தியம் போச்சு. சொல்லுங்க, நான் என்ன செஞ்சிருக்கணும்?"

அவர் கை அவள் தலையைத் தேடி வந்து, உச்சியில் தங்கியது.

"நான் பயந்துபோய் வாங்கின சத்தியம்டி அது. உன்னைக் கட்டிப்போட்டுட்டேன். வண்டியைக் கூப்பிடு."

"மாட்டேன்."

"கூப்பிடு புள்ள. போறேன். டாக்டர்கிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிடு."

ஆம்புலன்ஸ் வந்தது. நர்சிங் ஹோமில் டாக்டர் கோஷால் நோட்டையும் நோயாளியையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்று காலை வரை தொண்ணூறு. சாயங்காலம் எண்பத்தொன்றா? இந்த வீக்கம் ஒரு நாளில் வருவதில்லையே!" என்றார். வசந்தி வாயைத் திறந்தாள். உள்ளதைச் சொல்லிவிடு என்று கணவர் சொன்னது காதிலேயே நின்றது. ஆனாலும் நாக்கு எழவில்லை. டாக்டர் அவசரமாக உள்ளே போய்விட்டார்.

ஐந்து நாள் மாலை நாலிலிருந்து ஆறு வரை அவர் கைகளை அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்திருக்கும் வரை கட்ட வேண்டியதில்லை என்று நர்ஸ் அனுமதித்தாள். மீதி இருபத்திரண்டு மணி நேரத்துக்கு வசந்தி என்ன செய்ய முடியும்? வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள், பார்வையாளர் நேரத்துக்குக் காத்திருக்காமல் காலையிலேயே உள்ளே கூப்பிட்டார்கள். நாடாவை அவிழ்த்திருந்தார்கள். மணிக்கட்டில் தடம் மட்டும் இருந்தது. அதைத் தன் முந்தானையால் அவள் துடைத்துப் பார்த்தாள். அது துடைத்தால் போகிற தடமில்லை.

ராகவ் வந்து எல்லாக் காரியங்களையும் செய்தான். மதுரையிலிருந்து மருதமுத்துவின் தம்பி செந்தில்நாதனும் வந்திருந்தார். பதினோராம் நாள் மத்தியானம், ராகவ் அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று எழுந்தான்.

"பாருங்க சித்தப்பா. எண்பத்தொன்பது, தொண்ணூறு, தொண்ணூறு. இருபது நாளும் நல்லா இருந்திருக்காரு. அங்க கொண்டுபோய் ஆறு நாள்ல முடிச்சுட்டாங்க. அந்த டாக்டர் ஏதோ தப்பா குடுத்திருக்கான். நான் சும்மா விடப் போறதில்ல. கம்ப்ளெயின்ட் எழுதப் போறேன்."

"எழுதுடா. அத்தாட்சிதான் அண்ணன் கையெழுத்துலயே இருக்கே," என்றார் செந்தில்நாதன்.

சமையலறையில் நின்ற வசந்தியின் காதில் எல்லாம் விழுந்தது. சும்மா இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? தெரிந்தவர் ஒருவர்தான், அவர் சாம்பலாகிவிட்டார். மகனுக்குத் தாயாவது மிஞ்சட்டுமே என்று மனம் கெஞ்சியது. ஆனால் கோஷால் டாக்டர் அந்த நோட்டைப் பார்த்து முகம் மலர்ந்தது அவள் கண் முன்னால் வந்தது.

அவள் கூடத்துக்கு வந்தாள்.

"எழுதாத ராகவ். டாக்டர் மேல தப்பில்ல."

"உனக்கென்னம்மா தெரியும்?"

"அந்த நம்பரெல்லாம் மெஷின் காட்டினது இல்ல. நான் சொன்னது. எண்பத்துமூணு இருந்தப்ப தொண்ணூறுன்னு சொன்னேன். கால் வீங்கியிருந்தப்ப இல்லைன்னு சொன்னேன். உன்கிட்டயும் அதையேதான் சொன்னேன்."

ராகவ் சித்தப்பாவைப் பார்த்தான். பிறகு தாயைப் பார்த்தான். நோட்டு அவன் கையில் விரிந்தபடியே இருந்தது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒண்ணும் சொல்லலையா உன்னை?"

"தலையில கை வச்சாரு," என்றாள் வசந்தி. புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

ராகவ் அருகில் வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அவன் திரும்பி வரும்வரை அவள் அதே இடத்தில் நின்றாள். விளக்கு வைத்த பிறகு வந்தான். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. சிங்கப்பூருக்குக் கிளம்பும் அன்று, பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"தனியா எப்படி இருப்பே?" என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான்.

நன்றாக இருப்பேன், நீ கவலைப்படாதே என்றுதான் எந்தத் தாயும் சொல்வாள். அவளுக்கும் அதுதான் நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலப்பா," என்றாள் வசந்தி. "ரொம்பக் கஷ்டமா இருக்கு."