அவள் சொன்னால்தான் உள்ளே வருவார்

வளர்க்கச் சொல்லி அரசாங்கம் என்னிடம் ஒப்படைத்த பெண்ணுக்குப் பதினைந்து வயது. அவளிடம் பேச மன்னார்குடியிலிருந்து ஒரு நர்சம்மா வருவார். குட்டை உருவம், வெயிலில் கறுத்த முகம், தோளில் துணிப்பை. வீட்டுக்காரி நான் "வாங்க" என்றாலும் வாசலிலேயே நிற்பார். "வரலாமாம்மா?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டு, அவள் தலையாட்டிய பிறகுதான் உள்ளே வருவார். எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

மாதவிலக்கு, காதல், கர்ப்பம் என்று எதையும் மறைக்காமல் பேசுவார்.

"கல்யாணமாகாத பொண்ணுகிட்ட இதெல்லாம் பேசலாமா?" என்றேன்.

"வீடு வீடா மாறி வந்த புள்ளைங்கம்மா. பிடிக்குதா, பிடிக்கலையான்னு யாரும் அவள கேட்டதே இல்ல. நாம கேட்டுப் பழக்கினாத்தானே வேண்டாம்னு சொல்ல அவளுக்கு வாய் வரும்?"

அறுவடைக்கு வந்த என் தம்பி ஒருநாள் அவள் தோளில் கை போட்டு இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான்.

"கையை எடுங்க," என்றாள் சத்தமாக.

"என்னக்கா, இதுக்கு வாய் நீளுது!" என்று சிரித்தான்.

"அவ சொன்னது காதுல விழல? எடுடா கையை!" என்றேன்.

நர்சம்மாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பெயரைக்கூட நான் கேட்டுவைக்கவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். இப்போதெல்லாம் அவள் படிக்கிற அறைக்குக் காபி கொண்டுபோனால், நான் கட்டிய வீட்டின் நிலைப்படியில் நானே நின்று கேட்கிறேன்: "வரலாமாம்மா?"