பெண்கள் பெட்டி நிற்கும் இடம்

அந்த ஸ்டேஷனின் பெயர் வேண்டாம். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் பாதையில் இருக்கிறது என்றால் போதும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு குடோனில் நான் வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கு டியூட்டி முடியும். ஆனால் எட்டுக்கு முன்னால் அறைக்குப் போக முடியாது. அறையில் ஒரே கட்டில்தான். இரவில் அதில் படுப்பவர் வேலைக்குக் கிளம்பினால்தான் எனக்கு இடம். அந்த இரண்டு மணி நேரத்தை ஸ்டேஷனில் கழித்தேன். படம் எடுக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஹோட்டலில் மாவு ஆட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், திருவள்ளூரில் ஒரு கல்யாண போட்டோகாரருக்கு மூன்று மாதம் லைட் பிடித்தேன். இங்கே வரும்வரை எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. லைட் பிடிக்கிறவன் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்க்க மாட்டான். நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்பான். மூக்கின் நிழல் உதட்டில் விழுந்தால் அவனுக்குத் திட்டு விழும். அந்த வேலை போனது, பழக்கம் போகவில்லை.

ஸ்டேஷனில் கூரை இல்லாத நீண்ட பகுதி ஒன்று உண்டு. தூண், பெஞ்சு, குழாய் எதுவும் கிடையாது, வெறும் தரை. ஏழு மணி வாக்கில் நடைமேம்பாலத்தின் நிழல் அங்கே குறுக்கே வந்து விழும். ஒரு பக்கம் கன்னங்கரிய நிழல், மறுபக்கம் கண் கூசும் வெயில், நடுவில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல ஒரு கோடு. கைப்பிடிக் கம்பிகளின் நிழல் அதன் மேல் சாய்வாகப் படியும். பக்கத்திலேயே தண்டவாளம் தன் பாட்டுக்கு நேராகப் போகும். திரை கீறிய பழைய போன்தான் என்னுடையது. அதில் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் ஆட்கள் எல்லாம் கருப்பு உருவங்களாக விழுவார்கள். நிழலிலிருந்து ஒருவர் வெயிலுக்குள் கால் வைக்கும்போது அழுத்த வேண்டும். அரை நொடி பிந்தினாலும் படம் செத்துவிடும்.

ஏழே கால் வண்டிக்குத்தான் நல்ல கூட்டம். இந்தத் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணிப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோக்களில் வந்து இறங்குவார்கள், பெரும்பாலும் கம்பெனி வேலைக்குப் போகும் பெண்கள். அவர்கள் ஓடி வரும்போது எனக்குப் பத்துப் படமாவது கிடைக்கும். அதற்காக ஒரு வருடமாகத் தினமும் ஒரே இடத்தில் நின்றேன், தலையில் பனிக்குப் போடும் பச்சைக் குல்லாவோடு. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. முகம்தான் தெரியவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாசியில் ஒரு நாள் யாரோ புகார் சொல்லிவிட்டார். ரயில்வே போலீஸ்காரர் நேராக என்னிடம் வந்து போனைப் பிடுங்கினார். தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய், முப்பது நாற்பது அடி தள்ளி படிக்கட்டு ஓரம் இருந்த பெஞ்சில் உட்கார வைத்தார்.

"இன்னாயா, டெய்லி லேடீஸ போட்டோ எடுத்துக்குனு கீறியாமே?"

"வெளிச்சத்தத்தான் சார் எடுக்கறேன்."

"வெளிச்சத்த உன் ஊட்டாண்ட எடுக்கறது. அங்க வெயிலு அடிக்காதா?"

அவர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் கரிக்கட்ட மாரி கீது. இத வச்சி இன்னா பண்ணுவ?"

வண்டி போனதும் போலீஸ் ஸ்டேஷனுக்கு வா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றார். வாட்ச்மேன் பெயரில் பெண்கள் விஷயமாக ஒரு புகார் என்றால் ஏஜென்சிக்காரர் அன்றே யூனிஃபார்மைக் கழற்றச் சொல்வார். வேலை போனால் கட்டிலும் போகும். புகார் சொன்னவர் மேல் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அதற்குள் ஷேர் ஆட்டோ கூட்டம் வந்துவிட்டது. இருபது பெண்கள் இருப்பார்கள். ஓடி வந்தவர்கள் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். எதற்கு இங்கே நிற்கிறார்கள் என்று எனக்கும் புரியவில்லை, போலீஸ்காரருக்கும் புரியவில்லை. வண்டி வந்தது. எதிரே நின்றது ஆண்கள் தொங்கிக்கொண்டிருந்த பெட்டி. பெண்கள் பெட்டி பின்னால், நான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நேராக நின்றிருந்தது.

"ஐயே! குல்லாண்ணா இன்னிக்கு எங்க வந்து குந்திக்கினு கீறாரு பாரு!" என்று ஒருத்தி கத்தினாள்.

"பேஜாரு புடிச்ச ஆளு!" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் டிபன் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார்கள்.

ஒவ்வொரு கூட்டமும் தன் பெட்டிக்கு ஓர் அடையாளம் வைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். டீக்கடைக்கு எதிரே ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு எதிரே ஒன்று. வெறும் தரையில் அவர்களுக்கு நான்தான் அடையாளம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எல்லோரும் ஏறினார்கள். நாற்பது வயதுக்காரி ஒருத்தி மட்டும் போலீஸ்காரர் கையில் என் போனைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். நீலக் கம்பெனிக் கோட்டு. வண்டி கிளம்பிப் போனது. அடுத்தது அரை மணிக்குப் பிறகுதான்.

"சார், இவரு இன்னா பண்ணாரு?"

"உங்களத்தாம்மா போட்டோ எடுத்துக்கினு கீறான். பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். ஒரு படத்தில் விரலை வைத்தாள்.

"இது நானு. பை சாஞ்சிக்கினு கீது பாரு, எனக்குத் தோள் நோவு." பிறகு என்னைப் பார்த்து, "கேட்டு எடுக்கக் கூடாதாண்ணா? வாய் இல்ல?"

"தப்புதாம்மா," என்றேன்.

"சார், ஒரு வருசமா பாக்கறோம். கிட்ட வந்தது இல்ல, பேசனது இல்ல. இவர இட்டுக்குனு பூட்டா நாளைக்கு நாங்க எங்க நிக்கிறது? நீ வந்து நிக்கிறியா?"

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பை உடனே மறைத்துக்கொண்டு, ஜனங்களை எடுக்கக் கூடாது, வண்டி நேரத்தில் போன் பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிப் போனைக் கொடுத்தார். சரி என்றேன். எனக்கு மிகவும் பிடித்த அந்தப் படங்கள் இனி இல்லை. அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

அவள் எனக்காக அரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் திட்டுவார்களே என்றேன்.

"திட்டட்டும். அந்தப் படத்த அனுப்புண்ணா."

அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் அதைத்தான் முகப்பில் வைத்திருக்கிறாள். கருப்பு உருவம், சாய்ந்த பை, ஒரு கால் வெயிலில். "எங்க ஊட்டுக்காரரு யாருடி இதுன்றாரு" என்று மறுநாள் சொல்லிச் சிரித்தாள்.

இப்போது வண்டி வருவதற்கு முன், ஆளில்லாத கோடுகளையும் நிழலையும் எடுக்கிறேன். ஷேர் ஆட்டோ சத்தம் கேட்டதும் போன் பாக்கெட்டுக்குள் போய்விடும். இந்த வாரம் முழுக்க மேகம். நிழலும் இல்லை, கோடும் இல்லை, எடுக்க ஒன்றுமே இல்லை. ஏழு மணிக்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டு அதே இடத்தில் போய் நிற்கிறேன்.