கவர் போட்டுக் காத்த பைக்

எங்கள் வீடு கோரமண்டல் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்பில், தங்கம் பிரித்தபின் சுரங்கம் கொட்டிவிட்டுப்போன சயனைடு மண் மேட்டுக்கு எதிரில். காற்றடித்தால் மேட்டு மண் வெள்ளையாக வந்து பைக்கில் படியும். இரும்பைத் தின்கிற மண். அதற்குப் பயந்து, மழையில் நனைந்து வந்தாலும் உடனே கவர் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவேன். உள்ளே அந்த மண்ணும் ஈரமும் சேர்ந்து ஊறும் என்று யோசிக்கவே இல்லை.

போன மாதம் ஓர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தேன். துருப்பிடித்த கம்பி பட்டென்று முறிந்தது. முன் பிரேக்கின் பிடியும் துருவேறி இறுகி, அழுத்த வரவில்லை.

"இன்னாங்க, பிரேக்கப் புடிங்க!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

"எதப் புடிக்கிறது?" என்றேன்.

கடைசியில் மேட்டடியில் குவிந்திருந்த அதே மண்ணில் சொருகித்தான் வண்டி நின்றது. எங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று.

இப்போது தினமும் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடுகிறேன். ஆனால் அது காய்வதற்குள் மறுபடியும் காற்றடிக்கிறது.