அப்பாவின் நாக்கு ஒட்டிக்கொண்ட காலை

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் போன வாரம் காலை காபி நேரத்தில், எழுபத்தெட்டு வயது அப்பாவின் பேச்சு திடீரெனக் குழறியது. பக்கவாதம்தான் என்று நானே முடிவு கட்டினேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் மனைவியின் செருப்பு. அந்தக் கோலத்தில் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். வழியெல்லாம் அழுதது நான்தான். அப்பா என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

தாம்பரம் மருத்துவமனையில் டாக்டர் அவருடைய முகம், கை, கால் எல்லாம் சோதித்துவிட்டு வாயைப் பார்த்தார்.

"பக்கவாதம் இல்ல சார். வாய் காஞ்சு நாக்கு ஒட்டிக்குது. என்ன மாத்திரை போடறார்?"

"ரோட்டுத் தூசிக்குத் தும்மறார்னு நான்தான் மெடிக்கல்ல சளி மாத்திரை வாங்கி ஒரு மாசமா குடுக்கறேன்."

"அதுதான் வாயைக் காய வைக்குது. ஆனா பேச்சு குழறினா இப்படி உடனே ஓடி வரணும், அது சரி."

அப்பா ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "அந்தக் கம்பவுண்டரை விட்டுடாதீங்க டாக்டர். இங்கதான் நிக்கறான்."

இப்போது டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் வாங்குவதில்லை. அப்பா அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறார். சோற்றில் ரசம் தாராளம். அவர் தும்மினால், "நூறு வயசு" என்று வாழ்த்துவதோடு என் வைத்தியம் முடிந்துவிடுகிறது.