சின்னம்மாவின் இடுப்புச் சூடு

இன்று காலை எங்கள் ஆய்வகத்து இன்குபேட்டர் அலறியது. சூடு அரை டிகிரி குறைந்துவிட்டதாம். உள்ளே இருந்த ரத்த அணுக்கள் நிம்மதியாகத்தான் இருந்தன. மாணவர்கள்தான் ஃபோனும் கையுமாக ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய முதல் இன்குபேட்டர் வெற்றிலை போடும். கல்யாண வீட்டுக்குப் போனால் இரண்டு பந்தி சாப்பிடும்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஆராய்ச்சி மாணவி என்ற பெயரில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். கிருமி வந்தால் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள் ஏதோ ரசாயனத்தைக் கசியவிட்டு மற்ற அணுக்களுக்குச் சேதி சொல்கின்றன. மலைக்காய்ச்சலில் கிடந்து தேறியவர்களிடம் அந்தச் சேதி பலமாக இருக்குமா என்பது என் கேள்வி. ரத்தத்தில் ஊட்டத் திரவமும், அணுக்களை உசுப்பிவிடப் பீன்ஸ் விதைச் சாறும் கலந்து (ஆமாம், சாம்பாரில் போடுகிற அதே பீன்ஸ் சாதிதான்) உடம்புச் சூட்டில் இரண்டு நாள் வைத்தால் சேதி கசியும். அப்படித் தேறியவர்கள் இருந்த போடி மலைப்பக்கமே ரத்தத்தை எடுத்த கையோடு சூட்டில் வைத்தாக வேண்டும்; அங்கேயோ கரண்டு வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

"இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தா ஆராய்ச்சிய மறந்துரும்மா" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

போடிக்கு மேலே, குரங்கணி மலையின் ஏலக்காய் எஸ்டேட்டில் ரத்தம் கொடுக்க யாரும் தயங்கவில்லை. "அட்டைக்கே குடுக்குறோம், ஒனக்கு இல்லையா?" என்றார் ஒருவர். எனக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

அங்கேயே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில், அனலுக்குத் தள்ளி இதமான ஒரு மூலையில் குழாய்களை வைத்தேன். பெரிய அறிவாளி! மறுநாள் போய்ப் பார்த்தால் ஒன்றிலும் மூடி இல்லை. அடியில் கருப்பாகப் பொருக்குதான் மிச்சம்.

"ஈரத்தோட அடைச்சு வச்சிருந்தீகளே ஆத்தா, பூஞ்சை புடிச்சுப் போகாதா? நான்தான் தெறந்து, அனல் பக்கமாத் தள்ளி வச்சேன். நல்லாக் காஞ்சிருச்சு" என்றார் ஸ்டோர்க்காரர். முகத்தில் அப்படியொரு திருப்தி. ஏலக்காய்க்கு அதுதான் முறை.

மிச்சமிருந்த பீன்ஸ் சாறு நாலு குழாய்க்குத்தான் வந்தது. மறுபடி ரத்தம் வாங்கிக் கலந்து, ஜீப்பில் இறங்கி, போடியில் சின்னம்மா வீட்டுக்குப் போய் அழுதேன்.

"ஒடம்புச் சூடுதான வேணும்? எனக்கென்ன ஒடம்பு இல்லையா? கொண்டா இங்க" என்றாள். ஒடம்புக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. குழாய்களைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிச் சேலையை இறுக்கிக்கொண்டாள்.

"படுக்கும்போது?"

"ஒருக்களிச்சுப் படுத்துக்கிறேன். நீ போயி வெரசா மூஞ்சியக் கழுவு."

மறுநாள் ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். போகாதே என்று கெஞ்சினேன். கேட்பாளா? நானும் கூடவே போனேன். பந்தியில் பக்கத்து இலைப் பெண் இடுப்பில் என்னவென்று விசாரிக்க, "ரத்தம்டி. அதுக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிட்டு இருக்கு, சத்தம் போடாத" என்றாள். அந்த வரிசையே வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டது. சின்னம்மா மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஒவ்வொரு குலுங்கலுக்கும் நான் நாலு குழாயையும் மனசுக்குள் எண்ணினேன்.

ஒன்றும் உடையவில்லை. மதுரையில் சோதித்தபோது அணுக்கள் பேசியிருந்தன, அதுவும் வாய் ஓயாமல். "எந்த இன்குபேட்டர்ல வச்ச?" என்று பேராசிரியர் கேட்டார். "சொந்தக்காரங்க வீட்டுது சார்" என்றேன். நம்பிவிட்டார். என் ஆராய்ச்சி பிழைத்தது.

இன்று இப்படிச் செய்தால் பாதுகாப்புக் குழு என்னைக் கட்டிவைத்து உதைக்கும். அந்த ஸ்டோரிலும் இப்போது மின்சார உலர்த்தி வந்துவிட்டது. யாரும் எதையும் திறந்து பார்ப்பதில்லையாம்.

சின்னம்மா போன சேதி கேட்டு நான் போடி போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குனிந்து இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.