லூக்கின் இடியன் துவக்கு

கறுப்பு வெடிமருந்து எரிந்தால் அழுகிய முட்டை மணம் வரும். ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் நவம்பர் மாதத்து மணமே அதுதான். இவருடைய ஜாக்கெட்டில், கார் சீட்டில், என் கம்பளித் தொப்பியில்...

வேட்டைக்காரக் குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். கியூபெக்கில், லாசாலில் சின்ன அப்பார்ட்மென்டில் இருந்தோம். கோழியைக்கூடக் கடையில் வெட்டித்தான் வாங்குவோம்.

என் கணவர் தேவன் சென்ட் லோரன்டில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டினார். பக்கத்து மெஷின் லூக்குடையது. கியூபெக்காரன், இவருடைய வயதுதான். அவனுக்கு இங்கிலீஷ் வராது, இவருக்குப் பிரெஞ்சு வராது. ஆனாலும் மத்தியானச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில்தான்.

வீட்டிலும் இவர் அதிகம் கதைக்கமாட்டார். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் திடுக்கிட்டு எழும்புவார். நாங்கள் கலியாணம் கட்டியது இங்கே வந்த பிறகு. ஊரில் என்ன பட்டார் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூக் வீட்டுக்கு வந்தான். துணியில் சுற்றிய பெருவிரல் அளவு இரும்புத் துண்டு ஒன்றை மேசையில் வைத்தான். வகுப்பில் படித்த பிரெஞ்சோடு நான்தான் நடுவில். அது அவனுடைய வேட்டைத் துப்பாக்கியின் துண்டு, வாய்ப்பக்கத்தால் மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற துப்பாக்கி என்று அவன் சொன்னதைச் சொன்னேன்.

"இடியன் துவக்கு!" என்றார் இவர். "வன்னியில வீட்டுக்கு வீடு வச்சிருந்தவை. காட்டுப் பண்டி அடிக்க."

அந்த இரும்புத் துண்டுதான் துவக்குக் குழலின் பின்பக்கத்தை மூடுவது. அதன் முதுகில் பிரைமர் என்ற சின்னச் செப்புத் தொப்பி இருக்கும். விசையை இழுத்தால் அது வெடித்து, ஊசித் துளை வழியாக நெருப்பு மருந்துக்குப் போகும். லூக்கின் துவக்கில் அது ஒழுங்காகப் போகவில்லை.

"மான் முன்னால நிக்குது, நான் இழுக்கிறன், 'டிக்' எண்டு மட்டும் சத்தம். மான் என்னை ஒருக்காப் பாத்திட்டு ஆறுதலா நடந்து போகுது" என்றான் லூக். மொழிபெயர்க்கும்போதே எனக்குச் சிரிப்பு.

இவர் அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பிரைமர் ஆடுது. நெருப்பு பின்னுக்குக் கசிஞ்சு துளையெல்லாம் கரி. ஒரு மெல்லிய வாஷர் வச்சு இறுக்கிப் பாக்கலாம். ஆனா முதல்ல அது வெடிக்கேக்கை நான் பாக்கவேணும் எண்டு அவனுக்குச் சொல்லும்."

பல மாதங்களில் அவர் ஒரே மூச்சில் சொன்ன நீளமான கதை அது.

அடுத்த சனிக்கிழமை வடக்கே லூக்கின் உறவினர் ஒருவரின் மணல் குழிக்குப் போனோம். குளிரும் தூறலும். வெடிச் சத்தத்துக்கு இவர் காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வெளியே ஃபிளாஸ்க்கும் கையுமாக நின்றேன். லூக் குறி வைத்து இழுத்தான்.

டிக்.

ஒன்றுமில்லை. பழகின வேட்டைக்காரன்தான். ஆனால் எரிச்சலில் தலையை ஆட்டிக்கொண்டு, துவக்கோடு என் பக்கம் திரும்பத் தொடங்கினான்.

"அத்தோன்! அத்தோன்!"

எனக்கு 'அத்தான்' என்றுதான் கேட்டது! பிறகுதான் விளங்கியது, இவர் கார்க் கதவைத் திறந்து பாய்ந்து வந்து, பட்டறையில் காதில் விழுந்த பிரெஞ்சில் 'பொறு' என்று கத்துகிறார் என்று. லூக் அப்படியே உறைந்து நின்றான்.

துவக்கு வெடித்தது. மணல் பறந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தால் நான்...

லூக்கின் முகம் வெள்ளைத் தாளாகிவிட்டது. துவக்கைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டான். இவர் ஈர மணலில் குந்திவிட்டார்.

திரும்பி வரும்போது காரில் தானாகவே சொன்னார். "சித்தப்பாவுக்கும் இப்பிடித்தான். பிந்தி வெடிச்சு ஒரு கண் போச்சு. நான் பக்கத்தில நிண்டனான்."

அவருடைய ஊர்க்கதையில் நான் கேட்ட முதல் வரி அது.

அதன் பிறகு நவம்பர் முழுக்கச் சனிக்கிழமைகள் லூக்கின் கராஜில்தான். ஒரு வாஷர் தடிப்பு, இன்னொன்று மெல்லிசு. ஒரு பிரைமர் சூடு போதாது, இன்னொன்று கரி கக்கும். நான் பழைய டூத் பிரஷ்ஷால் துளையின் கரியைத் துடைப்பேன். வேலை செய்கிற தன் கைகளைப் பார்த்தபடி இவர் கதைப்பார். பள்ளிக்கூடம், பங்கர், தொலைந்துபோன தம்பி... நான் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, லூக் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருப்பான். சில இடங்களில் எனக்குச் சொல் வராது. அவன் அவசரப்படுத்தமாட்டான்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, மணல் குழியில், இழுத்த கையோடு வெடித்தது. 'டிக்' தனியாகக் கேட்கவே இல்லை. இவர் திடுக்கிட்டார்தான். ஆனால் உடனே விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

லூக் மானும் அடித்தான். ஒரு தொடை எங்களுக்கு வந்தது. யாழ்ப்பாணத்துத் தூள் போட்டுப் பிரட்டல் கறி வைத்தேன். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வழிய வழிய லூக் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

இப்போது அந்தப் பட்டறை இல்லை. இவர் போய்ச் சேர்ந்தும் சில வருஷமாகிறது. பிள்ளைகள் வந்தால் தங்களுக்குள் பிரெஞ்சில் கதைக்கிறார்கள், பிழையே இல்லாமல். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றுமில்லை.

போன நவம்பரில் லூக் போன் எடுத்தான். இப்போது மழையிலும் பிசகாத துவக்குகள் கடையிலேயே கிடைக்கின்றனவாம், ஒன்று வாங்கிவிட்டானாம்.

"நல்லா வெடிக்குதா?" என்று கேட்டேன்.

"ஒரு தரமும் பிசகிறேல்லை" என்றான். "அதால சனிக்கிழமையில எனக்குச் செய்ய ஒண்டுமில்லை."

"நானும் சும்மாதான் இருக்கிறன். சாப்பிட வா" என்றேன்.